மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம்

உஸ்ஸ்ஸ்ஸ் என்று ஒரு சீறல் கிளம்பியது. ஒரு பாம்பு இல்லை, ஊரில் உள்ள பாம்பெல்லாம் ஒரே புற்றுக்குள் புகுந்துகொண்டு சீறினால் எப்படி இருக்குமோ, அப்படி. பக்கத்துத் தெருவில் விளக்குக் கம்பத்தடியில் குனிந்து நின்ற கோட்டம்மா சட்டென்று நிமிர்ந்தாள். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினாள்.

தண்ணீர்க் குழாய் உடைந்தால் முதலில் ஒரு 'டப்', அப்புறம் மழை மாதிரி இரைச்சல். மின்கம்பி அறுந்தால் ஒரு 'படார்', அதோடு சரி. இது இரண்டும் இல்லை. நிற்காமல், மூச்சு வாங்காமல், ஒரே சீராகச் சீறுகிறது.

"கேஸு," என்றாள், பக்கத்தில் கேட்க ஆள் இல்லாதபோதும்.

அடுத்த நொடி இன்னொன்றும் உறைத்தது. அந்தத் தெருவில் இன்றைக்குப் பொக்லைன் ஓட்டுகிறவன் அவள் புருஷன். அந்தத் தெருவில் மஞ்சள் கோடு போட்டவள் அவள்.

கருவி, பெயிண்ட் பை எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினாள்.

அவளுக்குக் கோட்டம்மா என்று பேர் வைத்தது மேஸ்திரிதான். சாலையைத் தோண்டுவதற்கு முன்னால் மண்ணுக்கடியில் எது எங்கே ஓடுகிறது என்று பார்த்து, மேலே வண்ணக் கோடு போட்டுக் காட்டுவது அவள் வேலை. சிவப்பு மின்சாரம். நீலம் தண்ணீர். மஞ்சள் கேஸ். ஒரு பெட்டியிலிருந்து வரும் வயரைக் குழாயோடு புதைந்திருக்கும் கம்பியின் வாலில் கவ்வவைப்பாள். பெட்டி மண்ணுக்குள் ஒரு முனகலை அனுப்பும். பூ இல்லாத துடைப்பம் மாதிரி ஒரு கோலைப் பிடித்துக்கொண்டு, அந்த முனகலைக் காதால் பின்தொடர்ந்து போவாள். வலப்பக்கம் போனால் சத்தம் மங்கும், இடப்பக்கம் போனாலும் மங்கும், நேர் மேலே நின்றால் கணீரென்று கேட்கும். அங்கே டப்பாவைக் கவிழ்த்து ஒரு பீய்ச்சு.

கருவி எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் இரண்டு குழாய் அருகருகே ஓடும்போது ஒன்றின் முனகல் இன்னொன்றில் தொற்றிக்கொண்டு ஆளை ஏமாற்றும். அதைப் பிரித்துச் சொல்ல அவளை விட்டால் அந்தக் கம்பெனியில் ஆள் கிடையாது. "பத்துப் புள்ளைங்க சேந்து அழுதாலும் தன் புள்ளை எதுன்னு தாய்க்காரிக்குத் தெரியாது? அந்தக் காதுடா அது," என்பார் மேஸ்திரி. அவள் கோடு போட்ட தெருவில் ஒரு குழாய்கூட அறுபட்டதில்லை. இன்றுவரை.

தெருமுனை திரும்பியபோது பள்ளத்திலிருந்து புழுதி கூரை உயரத்துக்குப் பீய்ச்சியடித்துக்கொண்டிருந்தது. பொக்லைன் கையைத் தூக்கியபடி செத்த மிருகம் மாதிரி நின்றது. எஞ்சின் அணைந்திருந்தது. அவள் புருஷன் வீடு வீடாகக் கதவைத் தட்டிக்கொண்டு ஓடினான்.

"அடுப்பை அணைங்க! வெளிய வாங்க! அம்மா, அப்புறம் படம் புடிக்கலாம், போனை உள்ள வைங்க!"

ஒரு ஜன்னல் திறந்து சோப்பு நுரையோடு ஒரு தலை எட்டிப் பார்த்தது. "குளிச்சிக்கிட்டு இருக்கேன்யா!"

"குளிச்சவரைக்கும் போதும் சார், துண்டைக் கட்டிக்கிட்டு வாங்க!"

அவளைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. "நீ எதுக்கு வந்த? அந்தப் பக்கம் போ! காத்து இங்கிட்டுத்தான் அடிக்குது!"

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன். போம்மா!"

போகத் திரும்பியவள் ஒரு கணம் நின்று பார்த்தாள். பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவள் போட்ட மஞ்சள் கோடு ஈரத் தாரில் பளிச்சென்று நேராகக் கிடந்தது. புழுதி கிளம்பிய இடம் அதிலிருந்து ஒரு கை நீளத்துக்கு மேல் தள்ளி இருந்தது.

கேஸ் ஆட்கள் வந்தார்கள். வால்வுகளை மூடினார்கள். மஞ்சள் கோட்டையும் சேர்த்துப் பெரிதாக வெட்டி, கிழிந்த குழாயை அறுத்தெடுத்து, புதுத் துண்டு வைத்து, மணல் போட்டு மூடிவிட்டுப் போனார்கள். யாருக்கும் காயம் இல்லை. ஆனால் மறுபடி சோதித்துத் திறந்துவிடும்வரை அந்த வட்டாரத்தில் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியாது.

அந்த வட்டாரத்தில்தான் அவர்கள் வீடும் இருந்தது.

"வாங்க, வாங்க," என்று மாமியார் கதவைத் திறந்தார். "ஊர் அடுப்பையெல்லாம் அணைச்சிட்டு வந்திருக்கீங்க. நம்ம அடுப்பையும் சேத்துத்தான்."

இரண்டு அறை வீடு. கதவுக்குப் பின்னால் இரண்டு கொக்கி. ஒன்றில் மண் அப்பிய ஜாக்கெட், இன்னொன்றில் மூன்று வண்ணம் தெறித்த ஜாக்கெட். வெளியே தூறல் விடாமல் விழுந்துகொண்டிருந்தது. குளிரில் மாமியார் இரண்டு சால்வையைப் போர்த்திக்கொண்டு, மின்சாரக் கெட்டிலுக்குப் பக்கத்தில் குளிர் காய்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"கெட்டில்ல முட்டை அவிச்சேன். அதுலயே டீயும் போட்டேன். முட்டை டீ வாசனை அடிக்கும், டீ முட்டை வாசனை அடிக்கும். எது வேணுமோ எடுத்துக்குங்க."

"ஏம்மா, கழுவிட்டுப் போடக் கூடாதா?" என்றான் அவன்.

"வெந்நி இல்லாம எதுலடா கழுவுறது? வெந்நி போடத்தான் கெட்டில் இருக்கு, கெட்டில்லதான் முட்டை இருக்கு." மாமியார் ரொட்டியை அறுத்தார். "மேல்வீட்டுக்காரி மூணு தடவை எறங்கி வந்துட்டா. 'அறுத்தது உங்க பையன்தானாமே'ன்னு. ஆமா தாயி, பொறக்கும்போதே இடிச்சிக்கிட்டுத்தான் வந்தான்னு சொல்லி அனுப்பிட்டேன்."

அவன் சிரித்தான். கோட்டம்மா சிரிக்கவில்லை. ஆள்காட்டி விரலில் ஒட்டியிருந்த மஞ்சளைச் சுரண்டிக்கொண்டே கேட்டாள்:

"எஞ்சினியர் மேடம் கூப்பிட்டாங்களே, என்ன கேட்டாங்க?"

"என்ன நடந்துச்சுன்னு கேட்டாங்க. எழுதிக் குடுத்துட்டேன்."

"என்னன்னு?"

அவன் முட்டையை உரிப்பதில் மும்முரமானான். "அந்த எடத்துல கோடு வளைஞ்சு இருந்துச்சு, நீ சரியாத்தான் வளைச்சுப் போட்டிருந்த, நான்தான் கவனிக்காம நேரா இழுத்துட்டேன்னு."

"நான் வளைச்சுப் போடல."

"தெரியும்."

"நேராத்தான் போட்டேன்."

"தெரியும்மா. கோட்டைப் பாத்துத்தானே தோண்டினேன். ஆனா இப்ப அந்த எடத்துல கோடே கிடையாது. கேஸ்காரங்க இந்த ரூம் அளவுக்கு வெட்டி எடுத்துட்டாங்க. நேரா இருந்துச்சா வளைஞ்சு இருந்துச்சான்னு மண்ணா வந்து சாட்சி சொல்லப் போகுது?"

"போன்ல படம் இருக்கு."

கோடு காய்ந்ததும் ஒரு முறை படம் எடுத்து வைத்துக்கொள்வது அவள் வழக்கம். யாரும் கேட்டதில்லை. கேட்டால் காட்ட வேண்டும் என்று எடுப்பதுமில்லை. சமையல் முடிந்ததும் மேடையைத் துடைக்கிற மாதிரி, அது வேலையின் கடைசிப் பகுதி.

அவன் உரித்த முட்டையைத் தட்டில் வைத்தான். "அதைத்தான் சொல்ல வந்தேன். அதை அழிச்சிடு."

"எதுக்கு?"

"எதுக்கா? நான் கவனக்குறைவுன்னா கொஞ்ச நாள் வீட்டுல உக்காரச் சொல்வாங்க. இத்தனை வருஷத்துல முதல் தடவை, மன்னிச்சு விட்டுடுவாங்க. கோடு தப்புன்னா கோடு போடுற உன் அனுமதி அட்டையை வாங்கிடுவாங்க. அப்புறம் நீ பெயிண்ட் டப்பாவைத் தொட முடியாது. யோசிச்சுப் பாரு."

"அட்டை போனா போகட்டும். அப்ப நான் தப்பாப் போட்டேன்னு நீங்க முடிவே பண்ணிட்டீங்க?"

"நான் எங்கம்மா அப்படிச் சொன்னேன்?"

"சொல்லல. எழுதிக் குடுத்திருக்கீங்க."

"பின்ன என்ன பண்ணச் சொல்ற? கோடு இங்க இருந்துச்சு, குழாய் அங்க இருந்துச்சு. கண்ணால பாத்தேனே!"

"காதால கேட்டேனே! குழாயோட போற கம்பி நேராப் போச்சு. இன்னிக்கிக் கேட்டாலும் நேராத்தான் போகும்."

"கம்பி நேராப் போனா குழாயும் நேராத்தானே போகணும்?"

"அதான் எனக்கும் புரியல. புரியாத விஷயத்துக்குத்தான் நீங்க பொய் எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கீங்க."

"பொண்டாட்டிக்காகச் சொன்னது பொய்யாடி?"

"பொண்டாட்டியைக் கேக்காமச் சொன்னது பொய்தான்."

"கண்ணுக்கும் காதுக்கும் நடுவுல நாலு விரக்கடை தூரம்," என்றார் மாமியார், இருவருக்கும் நடுவில் ரொட்டித் தட்டைத் தள்ளி. "அதுக்கு இவ்வளவு சத்தம் போட்டா மேல்வீட்டுக்காரி நாலாவது தடவை எறங்கி வருவா. தின்னுங்க."

அவன் தின்றான். அவள் எழுந்து குழாயடிக்குப் போய்ச் சில்லிட்ட தண்ணீரில் விரலைத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க அந்தத் தெருவில் நடந்த ஒவ்வொரு அடியும் காதுக்குள் திரும்ப வந்தது. கேஸ் குழாய் பிளாஸ்டிக். அது ஊமை, எந்தக் கருவிக்கும் பதில் சொல்லாது. அதனால்தான் புதைக்கும்போதே கூட ஒரு மெல்லிய செம்புக் கம்பியைச் சேர்த்துக் கட்டிப் புதைப்பார்கள். ஊமைக்குத் துணையாக ஒரு பேசத் தெரிந்தவன். அவன் பேசுவதைத்தான் அவள் கேட்டாள். தெளிவாகத்தான் பேசினான். ஆனால் அந்த இடத்தில் மட்டும், சில எட்டு தூரத்துக்கு, குரல் கொஞ்சம் கிட்டே வந்த மாதிரி இருந்தது. கம்பி மேலே ஏறி வந்தது போல. ரோடுதான் அங்கே தாழ்ந்திருக்கும் என்று அவள் நடந்துவிட்டாள்.

ரோடு தாழ்ந்திருந்ததா? அதைப் பார்த்தாளா? இல்லை.

தண்ணீரை மூடிவிட்டு, போனை எடுத்து அந்தப் படத்தைப் பார்த்தாள். நேர் கோடு. அழிக்கவில்லை.

காலையில் தூறல் நின்றிருந்தது. வேலை நடக்கும் தெருவின் கோடியில் தகரக் கூண்டுதான் ஆபீஸ். எஞ்சினியர் மேடம் சளியோடு, மூக்கில் கைக்குட்டையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் முழுக்க ஜனங்களின் திட்டைத் தனியாளாக வாங்கிக்கொண்டவர், குரல் கட்டியிருந்தது. கோட்டம்மா போனை மேசைமேல் வைத்தாள்.

எஞ்சினியர் படத்தைப் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். "உங்க வீட்டுக்காரர் வளைஞ்சு இருந்துச்சுன்னு எழுதிக் குடுத்திருக்காரே."

"தெரியும் மேடம். அது அவர் எனக்காகச் சொன்னது. கோடு நேராத்தான் போட்டேன்."

"இதை என்கிட்ட காட்டினா நான் என்ன பண்ணியாகணும்னு தெரியுமா?"

"அட்டையை வாங்கணும்."

"தெரிஞ்சுமா கொண்டு வந்தீங்க?"

"தெருவுல பாதி இன்னும் தோண்டலை மேடம். அந்தப் பாதிக்கும் நான்தான் கோடு போட்டிருக்கேன். இவரை இறக்கிட்டு இன்னொருத்தரை வண்டியில ஏத்துவீங்க. அவருக்கு முன்னால இருக்கப் போறதும் என் கோடுதான். குழாய் ஏன் தள்ளிப் போச்சுன்னு தெரியாம அவரைத் தோண்ட விட்டா, அடுத்த தடவை குளிக்கிறவர் வெளிய ஓடி வர நேரம் இருக்குமோ, என்னவோ."

எஞ்சினியர் கைக்குட்டையை மடித்தார். "நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"நினைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. ஒரு எடத்துல குரல் கிட்ட வந்துச்சு. நான் கண்டுக்காம விட்டுட்டேன். அங்க கையால தோண்டிப் பாக்கணும்."

"கம்பியை என் கண்ணுல காட்டுங்க," என்று எழுந்தார் எஞ்சினியர். "கண்ணால பாக்குறதைத்தான் நான் எழுதுவேன். உங்களுக்குச் சாதகமா இருந்தாலும் சரி, பாதகமா இருந்தாலும் சரி." மூலையில் கிடந்த ரப்பர் பூட்ஸை இழுத்து மாட்டினார். "ஆள் வேணுமே. மேஸ்திரி!"

மேஸ்திரி வருவதற்கு முன்னால் இன்னொருவன் வந்து நின்றான். தோளில் மண்வெட்டி. நேற்று இரண்டு முட்டை தின்றவன்.

"உன்னை விசாரணை முடியறவரைக்கும் வரக் கூடாதுன்னு சொன்னேனே," என்றார் மேஸ்திரி.

"வண்டியைத் தொடக் கூடாதுன்னு சொன்னீங்க. மண்வெட்டியைத் தொடக் கூடாதுன்னு சொல்லலியே." அவன் பெண்டாட்டியைப் பார்க்காமல் மேசைமேல் இருந்த போனைப் பார்த்தான். "காட்டிட்டியா?"

"காட்டிட்டேன்."

"நல்லது. எங்கன்னு சொல்லு, தோண்டறேன்."

அவள் பெட்டியை மாட்டினாள். கம்பியின் வால் தெருமுனை வால்வுக் குழியில் இருந்தது. முனகல் மண்ணுக்குள் இறங்கியது. கோலைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மேஸ்திரி வாயை மூடிக்கொண்டார், அதுவே அதிசயம். மணல் போட்டு மூடிய பள்ளத்தின் ஓரம் வரைக்கும் வந்து, நின்று, ஓர் எட்டு பின்னால் போய், மறுபடி வந்து, கண்ணை மூடிக் கேட்டாள். குரல் ஏறிக்கொண்டிருந்தது. குனிந்து ரோட்டைத் தடவிப் பார்த்தாள். ரோடு தாழவில்லை. மட்டமாகத்தான் இருந்தது.

மஞ்சளில் ஒரு பெருக்கல் குறி போட்டாள். "இங்க."

தாரை வெட்டி எடுத்ததும் அவன் இறங்கினான். வண்டியில் உட்கார்ந்தால் ஒரே வாளியில் ஒரு சமையலறையை அள்ளுகிறவன். இப்போது மண்ணை அதட்டாமல் அள்ளினான். மண்வெட்டியின் நுனியை ஒருபோதும் குத்தாமல், படுக்கவைத்துச் சீவிச் சீவி எடுத்தான். சாய்ந்து விழும் ஓரத்தை உள்ளங்கையால் தட்டி நிறுத்தினான். வலிக்காமல் புண்ணைத் துடைக்கிற மாதிரி இருந்தது. முழங்கை ஆழம் போனதும் மண்வெட்டியை மேலே கொடுத்துவிட்டுச் சின்னக் கரண்டியை வாங்கிக்கொண்டான். அதற்கப்புறம் அதையும் கொடுத்துவிட்டு விரலால் தோண்டினான்.

நடுவில் மாமியார் பையோடு வந்து சேர்ந்தார். பள்ளத்தின் ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்தார்.

"எலேய், உள்ள போயி என்னத்தைத் தேடுற?"

"உன் மருமக மானத்தைத் தேடுறேம்மா."

"அது பள்ளத்துல இல்லடா, மேலதான் நிக்குது. நீ உன்னுதைத் தேடு." பையைப் பிரித்தார். "மேடம், ஒரு முட்டை எடுத்துக்குங்க. டீ வாசனை அடிக்கும், கண்டுக்காதீங்க. சளிக்கு நல்லது."

எஞ்சினியர் எடுத்துக்கொண்டார். மேஸ்திரி இரண்டு எடுத்துக்கொண்டார்.

"இருங்க," என்றான் அவன் உள்ளிருந்து.

எல்லோரும் குனிந்தார்கள். இரண்டு விரலுக்கு நடுவே மஞ்சள் உறை போட்ட ஒரு மெல்லிய கம்பி. அவள் போட்ட குறிக்கு நேர் கீழே. ஒரு மயிரிழைகூடப் பிசகவில்லை. விறைப்பாக, வீணைத் தந்தி மாதிரி இழுபட்டு நின்றது.

"கம்பி இருக்கு," என்றார் எஞ்சினியர். "குழாய்?"

அவன் கம்பிக்கு அடியில் கையை விட்டான். மண்ணைத் துடைத்தான். "குழாய் இல்ல மேடம்."

"இல்லையா?"

"கல்லு. கம்பிக்கு அடியில பெரிய கல்லு மட்டும்தான்."

கோட்டம்மா சட்டென்று பள்ளத்துக்குள் குதித்தாள். இரண்டு பேருக்கு இடமில்லாத பள்ளம். தோளோடு தோள் இடிக்க மண்டியிட்டு, கல்லின் மேல் கையை வைத்தாள். ஒரு மாடு படுத்திருக்கிற மாதிரி வழவழவென்று ஒரு பாறை, தெருவின் அந்தப் பக்கமாகச் சரிந்துகொண்டு போனது. அவள் அதைத் தடவிக்கொண்டே போனாள். அவன் அவள் கை போகும் வழியில் மண்ணை விலக்கிக்கொண்டே போனான். கோட்டிலிருந்து தள்ளி, இன்னும் தள்ளி, பாறையின் அந்தப் பக்கத்து விலாவை ஒட்டி, உருண்டையாக ஒன்று அவள் விரலில் பட்டது.

"இந்தா இருக்கு," என்றாள். "ஊமை இங்க இருக்கான்."

விஷயம் வெட்டவெளிச்சமாகிவிட்டது. எந்தக் காலத்திலோ புதைத்தவர்கள் பாறையை உடைக்க முடியாமல், குழாயை அதைச் சுற்றி வளைத்துக் கொண்டுபோயிருக்கிறார்கள். கம்பியைக் குழாயோடு சேர்த்து அங்கங்கே கட்டியிருக்க வேண்டும். கட்டவில்லை. கடைசியில் யாரோ ஒரு புண்ணியவான் முனையைப் பிடித்து இழுத்திருக்கிறான். கம்பி பாறைமேல் ஏறி நேராக நின்றுவிட்டது.

"குழாய் மரியாதையாச் சுத்திப் போயிருக்கு," என்றார் மேஸ்திரி, முட்டை வாயோடு. "கம்பிப்பய குறுக்கு வழியில போயிருக்கான்."

எஞ்சினியர் குனிந்து, ரப்பர் பூட்ஸோடு பள்ளத்துக்குள் ஒரு காலை வைத்து, கம்பியையும் குழாயையும் தானே தொட்டுப் பார்த்தார். படம் எடுத்தார். அப்புறம் இருவரையும் பார்த்தார்.

"கோடும் சரி. தோண்டினதும் சரி. எழுதிக் குடுத்தது மட்டும்தான் தப்பு." அவனைப் பார்த்து விரலை நீட்டினார். "உண்மையைச் சொல்லியிருந்தா இன்னிக்கே வண்டியில ஏத்தியிருப்பேன். பொய் சொன்னதுக்கு ஒரு வாரம் வீட்டுல இருங்க."

"இருக்கேன் மேடம்."

"இன்னொண்ணு. விதிப்படி கோட்டுலருந்து ஒரு முழம் விட்டா போதும். எல்லாரும் அதை ஒட்டித்தான் வெட்டுவாங்க. நீங்களும் ஒட்டி வெட்டியிருந்தா வாளி இந்தப் பாறையில முட்டி நின்னிருக்கும், குழாய் தப்பிச்சிருக்கும். நீங்க எதுக்கு அவ்வளவு தள்ளிப் போனீங்க?"

அவன் கையில் இருந்த மண்ணைத் தட்டினான். "கை அப்படிப் போயிருச்சு மேடம்."

கோட்டம்மா அதைக் கேட்டாள். இவ்வளவு நேரம் நெஞ்சில் ஊறிவந்த சந்தோஷம் அந்த இடத்திலேயே நின்றுபோனது. கை அப்படிப் போகிற ஆளா அவன்? வாளிப் பல்லால் தரையில் கிடக்கிற பேனாவைப் பொறுக்குவான். விதி போதும் என்று சொல்லும் இடத்தில் அவனுக்குப் போதவில்லை என்றால், கோட்டில்தான் நம்பிக்கை இல்லை.

மேலே ஏறி வந்து எஞ்சினியரிடம் நின்றாள். "மேடம், மீதித் தெருவுக்கு நான் போட்ட கோடு எதையும் இப்போதைக்கு நம்பாதீங்க. குரல் எங்கெல்லாம் கிட்ட வருதோ அங்கெல்லாம் ரோட்டைத் தடவிப் பாத்து, மறுபடி குறி போட்டுத் தறேன். அங்கெல்லாம் கையாலதான் தோண்டணும். அதுவரைக்கும் வண்டி நிக்கட்டும்."

"ஜனங்க என்னை உயிரோட தின்னுடுவாங்க."

"தெரியும் மேடம்."

எஞ்சினியர் மூக்கைச் சிந்தினார். "போடுங்க. திட்டை நான் வாங்கிக்கறேன், பழகிடுச்சு. இதை நான் மத்த தெருவுக்கும் சொல்லி அனுப்பறேன்." அட்டையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

மதியம் முழுக்க அவள் அந்தத் தெருவை முதலிலிருந்து நடந்தாள். வீட்டில் உட்காரச் சொல்லப்பட்டவன் வீட்டுக்குப் போகாமல் பெயிண்ட் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான். அவள் கையை நீட்டினால் டப்பாவைக் கொடுத்தான். அவள் நின்றால் நின்றான். ஜன்னல்களில் தலைகள் தெரிந்தன. நேற்று சோப்பு நுரையோடு எட்டிப் பார்த்தவர் இன்று ஒழுங்காகச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்று, "குளிக்கலாமா சார் இப்போ?" என்று கேட்டார்.

"பச்சைத் தண்ணியில குளிங்க சார், உடம்புக்கு நல்லது," என்றான் அவன்.

இரண்டு இடத்தில் குரல் கிட்டே வந்தது. இரண்டு இடத்திலும் அவள் தரையில் உட்கார்ந்து, கன்னத்தைத் தாரில் வைக்காத குறையாக மட்டம் பார்த்து, பெருக்கல் குறி போட்டு, சுற்றிலும் அகலமாக ஒரு வட்டம் இழுத்தாள். முழங்கால் ஈரமாகி, விரல் மரத்துப்போய், பொழுது சாயும்போது தெருக்கோடிக்கு வந்தார்கள். மாமியாரிடமிருந்து போன் வந்தது. அடுப்பு எரிகிறதாம். மேல்வீட்டுக்காரியே வந்து சொன்னாளாம். சூப் கொதிக்கிறதாம். கெட்டிலைக் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டதாம்.

அவள் கடைசிக் கோட்டை முடித்து, அது காயக் காத்திருந்தாள். படம் எடுக்க வேண்டும்.

"ஒண்ணு கேக்கறேன்," என்றாள், கோட்டைப் பார்த்துக்கொண்டே. "மழுப்பாமச் சொல்லணும்."

"ஒரு வாரம் சும்மா இருக்கறவன் மழுப்பி என்ன ஆகப் போகுது? கேளு."

"போன மாசம் தண்ணித் தொட்டிப் பக்கம் வேற ஆள் கோடு போட்டாரு. அங்க எப்படித் தோண்டினீங்க?"

"எப்படின்னா? ஒரு முழம் விட்டு, ஒட்டித்தான்."

"அப்ப இங்க மட்டும் ஏன் தள்ளிப் போனீங்க? அவர் கோட்டை நம்புவீங்க, என் கோட்டை நம்ப மாட்டீங்களா?"

அவன் பையைக் கீழே வைத்தான். டப்பாக்கள் ஒன்றோடொன்று உரசி நின்றன. சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பவன் போலக் கழுத்தைச் சொறிந்தான்.

"இங்க மட்டும் இல்லம்மா. நீ போடுற எல்லாக் கோட்டுலயும் தள்ளித்தான் தோண்டுவேன். வேற ஆள் கோட்டுல நான் கை தவறி ஒண்ணை அறுத்தா, 'இவன் அறுத்துட்டான்'னு சொல்லுவாங்க. உன் கோட்டுல அறுத்தா, 'பொண்டாட்டி தப்பாப் போட்டுட்டா, புருஷன் மூடி மறைக்கிறான்'னுதானே சொல்லுவாங்க. உன் பேர் கெடக் கூடாதுன்னுதான் தள்ளித் தோண்டுறது."